வெளிநாட்டு மின்கருவிகளை இந்தியாவில் பயன்படுத்துதல்

வெளிநாட்டு மின்கருவிகளை இந்தியாவில் பயன்படுத்துதல் என்பது, வேறொரு நாட்டின் மின்வழங்கலுக்கென வடிவமைக்கப்பட்ட கருவியை இந்திய மின்னிணைப்பில் இயக்குவதாகும். இந்திய வீடுகளுக்கு 230 வோல்ட் மின்னழுத்தமும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் கொண்ட மாறுதிசை மின்சாரம் வழங்கப்படுகிறது. இதற்குப் பொருந்தாத கருவி பழுதாகலாம், தீப்பற்றலாம். பிளக் சாக்கெட்டில் பொருந்திவிட்டால் மின்னழுத்தமும் பொருந்தும் என்று எண்ணுவது விபத்துக்குக் காரணமாகலாம்.

நாடுகளும் மின்வழங்கலும்

தமிழர்கள் மிகுதியாகச் சென்றுவரும் நாடுகளின் மின்வழங்கல் பின்வருமாறு:

- இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், ஐரோப்பிய நாடுகள்: 220 முதல் 240 வோல்ட் வரை, 50 ஹெர்ட்ஸ்
- அமெரிக்கா, கனடா: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்
- ஜப்பான்: 100 வோல்ட், கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ்
- சவூதி அரேபியா: முன்பு வீடுகளில் 127 வோல்ட் இருந்தது, பின்னர் 230 வோல்ட்டுக்கு மாறியது, 60 ஹெர்ட்ஸ்

எனவே சிங்கப்பூரிலோ துபாயிலோ வாங்கிய கருவிக்குப் பெரும்பாலும் பிளக் மட்டுமே சிக்கலாகும். அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாட்டுக் கருவிகளுக்கு மின்னழுத்தமே சிக்கல்.

வேறுபாட்டின் காரணம்

எடிசன் 1882 இல் நியூயார்க் நகரில் தொடங்கிய மின்வழங்கல் ஏறத்தாழ 110 வோல்ட் நேர்திசை மின்சாரமாக இருந்தது. அமெரிக்கா பின்னர் மாறுதிசை மின்சாரத்துக்கு மாறியபோதும் அழுத்தத்தை அதே அளவை ஒட்டியே வைத்துக்கொண்டது. ஐரோப்பாவில் 220 வோல்ட் பரவியது. அழுத்தம் இரு மடங்கானால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும். மெல்லிய செம்புக் கம்பியே போதுமானதாகும். ஜப்பானில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை வாங்கியதால், இன்றும் ஒரே நாட்டில் இரு அதிர்வெண்கள் உள்ளன.

லேபிளைப் படித்தல்

கருவியின் அடியிலோ பின்புறத்திலோ, அல்லது அதன் சார்ஜரிலோ ஒட்டப்பட்டுள்ள லேபிளில் ‘இன்புட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேட வேண்டும். அதையடுத்து வரும் எண்களைக் கொண்டு கருவிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் அக்கருவி எந்த நாட்டிலும் இயங்கும். கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜர்கள் பெரும்பாலும் இவ்வகையின. இவற்றுக்குப் பிளக் மாற்றி மட்டும் போதும்.
2. ‘115/230’ என்று குறித்து ஒரு சிறு சுவிட்ச் இருந்தால், பிளக்கைச் செருகும் முன்பே அதை 230 பக்கம் தள்ள வேண்டும். பழைய மேசைக் கணினிகளில் இதைக் காணலாம்.
3. ‘120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தால் இந்திய மின்னிணைப்பில் நேரடியாகச் செருகக் கூடாது.

‘அவுட்புட்’ என்ற சொல்லுக்கு எதிரே உள்ள 5 வோல்ட், 19 வோல்ட் போன்றவை சார்ஜர் கருவிக்கு வழங்கும் அழுத்தங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கூடுதல் மின்னழுத்தத்தின் விளைவு

மின்தடை மாறாதிருந்தால், திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். 120 வோல்ட்டில் 1200 வாட் திறனுள்ள இஸ்திரிப் பெட்டியின் மின்தடை 12 ஓம். அதை 230 வோல்ட்டில் செருகினால் 19 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாயும். திறன் ஏறத்தாழ 4400 வாட் ஆகும். அதாவது 3.7 மடங்கு வெப்பம். நம் வீடுகளின் பெரிய சாக்கெட்டே 16 ஆம்பியருக்கானது.

மின்னணுக் கருவிகளில் நிகழ்வது வேறு. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்ச மதிப்பு 325 வோல்ட். 120 வோல்ட்டுக்கென அமைந்த கருவியில் 200 வோல்ட் தாங்கும் மின்தேக்கி இருந்தால் அது உப்பி வெடித்துவிடும்.

அதிர்வெண்ணும் மின்மாற்றியும்

இறக்கு மின்மாற்றி 230 வோல்ட்டை 110 அல்லது 120 வோல்ட்டாகக் குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கான மின்னோட்டக் கடிகாரம் 50 ஹெர்ட்ஸில் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். தூண்டல் மோட்டார்கள் மெதுவாகச் சுழன்று மிகுதியாகச் சூடாகும்.

பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்பும் மருத்துவக் கருவிகளில் இது கவனிக்கத்தக்கது. காற்றழுத்தியால் இயங்கும் நெபுலைசர்களில் பல 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே உரியவை. மூச்சுத்திணறல் வரும் நேரத்தில் நம்ப வேண்டிய அத்தகைய கருவியை இங்கேயே வாங்குவது நல்லது.

மின்மாற்றி வாங்கும்போது, கருவியின் வாட் அளவைவிட ஒன்றரை மடங்காவது திறன் கூடியதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மோட்டார் உள்ள கருவிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். எடை குறைந்த சில பயண ‘கன்வெர்ட்டர்கள்’ சூடேற்றும் கருவிகளுக்கு மட்டுமே உரியவை. மின்னணுக் கருவிகளுக்கு ஆகா.

பிளக் பொருத்தம்

திருவண்ணாமலையில் ஸ்ரீ ரமணாசிரமத்துக்கு வரும் பல நாட்டு அன்பர்கள் விடுதிகளில் நீண்ட நாள் தங்குவதுண்டு. பிரான்சு, ஜெர்மனியிலிருந்து வருவோரின் கருவிகளுக்கு நம் மின்னழுத்தம் பொருந்தும். ஆனால் ஐரோப்பாவின் தட்டையான இரு பின் பிளக்கில் பின்கள் 4 மில்லிமீட்டர் தடிப்பே கொண்டவை. இந்தியச் சிறு பிளக்கின் மின்னோட்டப் பின்கள் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். தளர்வான தொடர்பில் தீப்பொறி எழும், சாக்கெட் உருகும். ஜெர்மானியப் பெரிய பிளக்கில் புவித்தொடுப்பு (எர்த்) பக்கவாட்டில் இருப்பதால், அது இந்தியச் சாக்கெட்டில் இணையாது. உலோக உடல் கொண்ட கருவிகளில் இது ஆபத்து.

சிங்கப்பூர், துபாய்க் கருவிகளின் சதுரப் பின் பிளக்கினுள் ஓர் உருகி (ஃபியூஸ்) உண்டு. அந்தப் பிளக்கை வெட்டிவிட்டு நம் பிளக்கைப் பூட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தரமான பிளக் மாற்றியைப் பயன்படுத்துவதே முறை. வெறும் கம்பியைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவது உயிருக்கே ஆபத்தானது.

இந்தியாவிலிருந்து எடுத்துச் செல்லும் கருவிகள்

எதிர்த்திசையிலும் இதே விதி பொருந்தும். இங்கு 1000 வாட் திறனுள்ள மின்கெண்டி அமெரிக்காவில் ஏறத்தாழ 270 வாட் அளவிலேயே சூடாகும். எனவேதான் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்கள் வட அமெரிக்காவுக்கென 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மாதிரிகளாகவும் தயாரிக்கப்படுகின்றன. அவற்றைத் திரும்ப இங்கே கொண்டுவந்தால் நேரடியாக இயக்க இயலாது.

தவறுதலாகச் செருகிவிட்டால்

கருகல் வாடையோ புகையோ வந்தால் கருவியைத் தொடாமல் சுவிட்சை அணைக்க வேண்டும். சுவிட்சை அணுக முடியாவிடில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. உருகியை மாற்றிவிட்டு மீண்டும் செருகிப் பார்க்காமல், பழுது பார்ப்பவரிடம் லேபிளைக் காட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.