கேலரியில் பாடினால் குற்றம்: ஸ்காட்லாந்து ரசிகர்கள் ஒரு சட்டத்தைத் தோற்கடித்த கதை

இன்றைக்கு ஒரு கேள்வியில் இருந்து ஆரம்பிக்கலாம். ஒரு பாட்டு இருக்கு. அதை ஒரு கச்சேரி மேடையில் பாடுறாங்க, கைதட்டல் கிடைக்குது. அதே பாட்டை, அதே வரிகளோட, சனிக்கிழமை மதியம் கால்பந்து கேலரியில் நின்று பாடினால் போலீஸ் கேஸ். அதிகபட்சத் தண்டனை ஐந்து வருஷம் சிறை.

இப்படி ஒரு சட்டம் இருக்க முடியுமா என்று கேட்டால், இருந்தது. 2012 முதல் 2018 வரை, ஸ்காட்லாந்தில். அதை எதிர்த்து நின்றவர்கள் பெரிய கட்சிக்காரர்களோ பிரபலமான மனித உரிமை வக்கீல்களோ இல்லை. கேலரியில் ஸ்கார்ஃப் போட்டு நிற்கிற சாதாரண ரசிகர்கள். கடைசியில் அவங்கதான் ஜெயிச்சாங்க. ஆனால் இதை "நல்ல ரசிகர்கள், கெட்ட அரசு" என்று சுருக்கிச் சொன்னால் தப்பாகிடும். ஏன் என்று போகப் போகச் சொல்றேன்.

பகையின் வேர்

கிளாஸ்கோ நகரத்தில் இரண்டு பெரிய கிளப்கள். 1872-இல் ஆரம்பித்த ரேஞ்சர்ஸ், 1887-இல் ஆரம்பித்த செல்டிக். 1840-களில் அயர்லாந்தில் வந்த பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, ஆயிரக்கணக்கான ஐரிஷ் கத்தோலிக்கர்கள் பிழைப்பு தேடி கிளாஸ்கோவுக்கு வந்தாங்க. அந்த ஏழைக் குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பணம் திரட்டுவதற்காக, வால்ஃப்ரிட் என்ற ஐரிஷ் துறவி முன்னின்று தொடங்கிய கிளப்தான் செல்டிக். காலப்போக்கில் ரேஞ்சர்ஸ், புராட்டஸ்டண்ட்களின், பிரிட்டன் ஆதரவாளர்களின் கிளப்பாக ஆனது. எந்த அளவுக்கு என்றால், 1989-இல் மோ ஜான்ஸ்டன் என்ற கத்தோலிக்க வீரரை ரேஞ்சர்ஸ் எடுத்தபோது, சில ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் தங்கள் ஸ்கார்ஃபையே கொளுத்தினார்கள்.

அதனால் இந்த மேட்ச்களில் கேட்கும் பாட்டுகளில் பந்தை விட மதமும் அயர்லாந்து அரசியலும்தான் அதிகம். சில பாட்டுகள் வெறும் வரலாறு. சில பாட்டுகள் பச்சையான வெறுப்பு. இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது? பிரச்சினையே அங்கேதான்.

2011: எல்லாம் கொதித்த வருஷம்

2011 மார்ச் 2-ஆம் தேதி செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் மோதின ஸ்காட்டிஷ் கப் மேட்ச். ரேஞ்சர்ஸ் வீரர்கள் மூன்று பேருக்கு சிவப்பு அட்டை. மேட்ச் முடிந்ததும் செல்டிக் மேனேஜர் நீல் லெனனும் ரேஞ்சர்ஸ் தரப்பில் ஆலி மெக்காய்ஸ்டும் மைதான ஓரத்திலேயே மல்லுக்கு நின்றார்கள். ஸ்டேடியத்துக்குள் மட்டும் 34 பேர் கைது.

அது ஆரம்பம்தான். லெனன் வட அயர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கர். அந்தச் சமயத்தில் அவருக்கு துப்பாக்கிக் குண்டுகள் தபாலில் வந்தன. அப்புறம் பார்சல் குண்டுகள். அவருக்கு மட்டுமல்ல, செல்டிக் ஆதரவாளர்களாகத் தெரிந்த ஒரு பெண் அரசியல்வாதிக்கும் ஒரு வக்கீலுக்கும் சேர்த்து. அந்தக் குண்டுகள் வெடிக்கிற நிலையில் இல்லை என்று பிறகு தெரிந்தது. மே மாதம் எடின்பரோவில் ஹார்ட்ஸ் அணியுடன் மேட்ச் நடக்கும்போது, டிவி நேரலையில், ஒருவர் கேலரியில் இருந்து ஓடிவந்து லெனன் மேல் பாய்ந்தார்.

இதே மே மாதத்தில்தான் தேர்தல். அலெக்ஸ் சால்மண்ட் தலைமையில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 129-இல் 69 இடம் பிடித்து தனிப்பெரும்பான்மை பெற்றது. "ஏதாவது செய்யுங்க" என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தது. அரசு செய்தது. ஜூன் மாதமே ஒரு மசோதா. அடுத்த சீசன் தொடங்குவதற்குள், சில வாரங்களில் அவசர அவசரமாக நிறைவேற்ற வேண்டும் என்பது திட்டம். எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள்.

சட்டத்துக்குள் என்ன இருந்தது?

கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, ஏன்னா ரசிகர்களின் வாதம் முழுக்க இந்த வார்த்தைகளில்தான் இருக்கு.

இந்தச் சட்டப்படி குற்றம் ஆக இரண்டு விஷயம் சேரணும். ஒன்று, உங்க நடத்தை ஐந்து வகையில் ஏதாவது ஒன்றாக இருக்கணும். ஒரு மதத்தார் மேல் வெறுப்பைக் காட்டுவது, இனம், நிறம், பாலினத் தேர்வு, மாற்றுத்திறன் போன்றவற்றை வைத்து வெறுப்பைக் காட்டுவது, அப்படிப்பட்ட வெறுப்பால் செய்கிற செயல், மிரட்டுவது. இதுவரை சரி, யாருக்கும் பெரிய சண்டை இல்லை. ஐந்தாவது வகையைப் பாருங்க: நியாயமான ஒரு ஆள் புண்படுத்துவதாகக் கருதக்கூடிய "வேறு நடத்தை". எந்த நடத்தை? சட்டம் சொல்லாது. யார் அந்த நியாயமான ஆள்? அதுவும் தெரியாது.

இரண்டாவது நிபந்தனை, அந்த நடத்தை பொது அமைதியைக் குலைக்கத் தூண்டக்கூடியதாக இருக்கணும். இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிற மாதிரி தோணும். ஆனால் அடுத்த வரியிலேயே சட்டம் அதைப் பறித்துவிடுகிறது: கோபப்படக்கூடிய ஆட்கள் அந்த இடத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் இருந்திருந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்து பார்த்தால் போதும்.

இன்னொன்று. இது ஸ்டேடியத்துக்குள் மட்டுமில்லை. மேட்சுக்குப் போகும் வழி, வரும் வழி, மேட்ச் ஓடுகிற பப், எல்லாம் இதில் அடக்கம். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் விலக்கு.

குழுவின் விசாரணையில் மசோதாவுக்குப் பொறுப்பான அமைச்சர் ரோசன்னா கன்னிங்ஹாமிடம் உதாரணம் கேட்டார்கள். சில சூழ்நிலைகளில், பிரிட்டிஷ் தேசிய கீதம் பாடுவதோ சிலுவை அடையாளம் போடுவதோ கூட இதில் வரலாம் என்கிற மாதிரி அவர் பதில் சொன்னார். அந்த ஒரு பதில் இரண்டு தரப்பு ரசிகர்களுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. தேசிய கீதம் ரேஞ்சர்ஸ் பக்கம். சிலுவை செல்டிக் பக்கம்.

2011 டிசம்பர் 14 அன்று 64-க்கு 57 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. எதிர்க்கட்சிகள் அனைத்தும் எதிர்த்து வாக்களித்தன. 2012 மார்ச் 1 முதல் சட்டம் அமலுக்கு வந்தது.

ரசிகர்கள் என்ன சொன்னாங்க?

செல்டிக் ரசிகர் அமைப்புகள் சேர்ந்து 2011-லேயே "ஃபேன்ஸ் அகெய்ன்ஸ்ட் கிரிமினலைசேஷன்" என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். ரசிகர்களைக் குற்றவாளியாக்காதே என்று அர்த்தம். அவர்களுடைய வாதத்தை நான் மூன்றாகப் பிரிச்சுக்கிறேன்.

முதல் வாதம்: பழைய சட்டமே போதும். இது வாய்ப்பேச்சு இல்லை, ஆதாரம் இருக்கு. "பஞ்சம் முடிஞ்சாச்சே, ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதானே" என்று ஐரிஷ் வம்சாவளியினரைக் கேலி செய்கிற ஒரு ரேஞ்சர்ஸ் பாட்டு உண்டு. 2008-இல் கில்மார்னாக் மேட்சில் அதைப் பாடிய ஒருவர் தண்டிக்கப்பட்டார். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது இனவெறிதான் என்று தண்டனையை உறுதி செய்தது. புதிய சட்டம் வருவதற்கு மூன்று வருஷம் முன்னாடி! லெனனுக்குப் பார்சல் அனுப்பிய இரண்டு பேருக்கும் ஐந்து வருஷம் சிறை கிடைத்தது. அதுவும் பழைய சட்டப்படிதான்.

இரண்டாவது வாதம்: எது குற்றம் என்று முன்கூட்டியே தெரியணும். பாடுவதற்கு முன்னாடி எனக்கே தெரியவில்லை என்றால், நான் எப்படி அதற்குக் கட்டுப்படுவது? 1981 உண்ணாவிரதத்தில் இறந்த பத்து ஐரிஷ் கைதிகளைப் பற்றிய ஒரு பாட்டு. செல்டிக் ரசிகர்களில் பலருக்கு அது அரசியல் நினைவஞ்சலி. எதிர்த்தரப்புக்கு அது பயங்கரவாதிகளுக்குப் புகழாரம். ஆனால் யாருடைய மதத்தையும் திட்டுகிற பாட்டு இல்லை. 2012-இல் ராஸ் கவுண்டியுடனான மேட்சில் அதைப் பாடிய ஒரு ரசிகரைக் கீழ் நீதிமன்றம் விடுவித்தது. மேல் நீதிமன்றம் 2013-இல் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அதே சட்டம், அதே ஆதாரம். படித்த நீதிபதிகளே இரண்டு விதமாகப் படிக்கிறார்கள் என்றால், பத்தொன்பது வயசுப் பையன் எப்படிப் படிப்பான்? டண்டீயில் இன்னொரு வழக்கை விசாரித்த ஷெரிஃப், அதாவது அங்குள்ள கீழ்நிலை நீதிபதி, இந்தச் சட்டத்தைப் பற்றி "மின்ஸ்" என்ற வார்த்தைதான் மனசுக்கு வருது என்றார். கொத்துக்கறி என்று அர்த்தம். ஸ்காட்லாந்து பேச்சுவழக்கில், சுத்தக் குப்பை.

மூன்றாவது வாதம்தான் எனக்கு முக்கியமாகப் படுவது: ஏன் எங்களுக்கு மட்டும்? மதவெறி ஸ்காட்லாந்து முழுக்க இருக்கு என்றால், ஆபீஸில், கல்யாண வீட்டில், ஊர்வலத்தில், பாராளுமன்றத்தில் எல்லா இடத்திலும் ஒரே சட்டம் போடுங்க. கால்பந்து டிக்கெட் வாங்கினவனுக்கு மட்டும் தனிச் சட்டம் என்றால், அவனை ஒரு தனி ஜாதியாகப் பார்க்கிறீங்க என்றுதான் அர்த்தம். கேலரியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் வர்க்கத்து இளைஞர்கள் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். தங்களைப் போலீஸ் தொடர்ந்து வீடியோ எடுக்கிறது, வழக்கு முடியும் வரை மேட்சுக்குப் போகத் தடை விதிக்கிறார்கள், கடைசியில் நிரபராதி என்று வந்தாலும் போன சீசன் திரும்ப வராது என்று புகார் சொன்னார்கள்.

மறுபக்கம்

இப்போ நான் முதலில் சொன்ன எச்சரிக்கைக்கு வரேன். சட்டத்தை ஆதரித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. சமத்துவத்துக்காக வேலை செய்யும் அமைப்புகள் சில, சட்டம் நீடிக்கணும் என்று கேட்டன. கேலரியில் தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் கோஷத்துக்கு எதிராகக் கையில் இருக்கிற ஒரே கருவியையும் பிடுங்கினால், அது என்ன செய்தி சொல்லும் என்று கேட்டன. நியாயமான கேள்வி.

லெனனைத் தாக்கினவர் வழக்கையும் பாருங்க. நாடே டிவியில் பார்த்த சம்பவம். ஆனால் மதவெறியோடு தாக்கினார் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று ஜூரி சொல்லிவிட்டது. அமைதியைக் குலைத்ததற்கு மட்டும்தான் தண்டனை. பழைய சட்டம் போதும் என்ற வாதம் இங்கே தடுமாறுது என்று ஒருத்தர் சொன்னால், நான் ஒத்துக்குவேன்.

ஆனால் யோசிங்க, அது சட்டத்தில் இருந்த ஓட்டையா, இல்லை பன்னிரண்டு பேரை... மன்னிக்கணும், ஸ்காட்லாந்தில் ஜூரி பதினைந்து பேர், அவர்களை நம்ப வைக்க முடியாத பிரச்சினையா? இரண்டாவது என்றால், வார்த்தைகளைத் தெளிவில்லாமல் விரிப்பது அதற்கு மருந்து இல்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

எப்படி ஜெயிச்சாங்க?

பேனர் பிடித்தார்கள், கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஆனால் சட்டத்தை வீழ்த்தியது சுவாரசியமே இல்லாத வேலைதான். உறுப்பினர்களைத் தொகுதி தொகுதியாகப் போய்ப் பார்ப்பது, ஒவ்வொரு வழக்கையும் கணக்கில் வைப்பது, தேர்தலில் வேட்பாளர்களிடம் "இந்தச் சட்டத்தை நீக்குவீங்களா" என்று கேட்பது.

2016 தேர்தலில் ஆளும் கட்சி 63 இடங்களுக்கு இறங்கி, பெரும்பான்மையை இழந்தது. கதவு திறந்தது. அந்த நவம்பரில் சட்டத்தை நீக்கச் சொல்லும் தீர்மானம் 64-க்கு 63 என்று ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது. ஆனால் அது வெறும் தீர்மானம், அரசைக் கட்டுப்படுத்தாது. தொழிலாளர் கட்சி உறுப்பினர் ஜேம்ஸ் கெல்லி தனிநபர் மசோதா கொண்டுவந்தார். மூன்று பெரிய எதிர்க்கட்சிகளோடு பசுமைக் கட்சியும் சேர்ந்தது. 2018 மார்ச் 15, கடைசி வாக்கெடுப்பு: 62-க்கு 60. இரண்டே ஓட்டு. ஏப்ரலில் சட்டம் காலாவதி.

அப்புறம் என்ன ஆச்சு?

வெறுப்புப் பாட்டுகள் நின்றுவிட்டதா? இல்லை. சட்டம் இருந்தபோதும் நிற்கவில்லை, போன பிறகும் நிற்கவில்லை. 2021-இல் வெறுப்புக் குற்றங்களுக்கு ஸ்காட்லாந்து ஒரு புதிய சட்டம் நிறைவேற்றி, 2024 ஏப்ரலில் அமல்படுத்தியது. அதைச் சுற்றியும் பெரிய சர்ச்சை. ஆனால் ஒரு வித்தியாசம்: அது கால்பந்து ரசிகர்களுக்கு மட்டுமானது இல்லை, எல்லோருக்கும் பொது. ரசிகர்களின் மூன்றாவது வாதத்துக்கு அங்கே இடமில்லை.

என்னைக் கேட்டால், இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம் ரசிகர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்பது இல்லை. அந்தக் கேலரியில் நான் கேட்க விரும்பாத பாட்டுகள் நிறையவே இருக்கு. ஆனால் எனக்குப் பிடிக்காத கூட்டத்துக்கு எதிராக ஒரு தெளிவில்லாத சட்டம் வரும்போது நான் சும்மா இருந்தால், நாளைக்கு என்னைப் பிடிக்காதவர்கள் கையிலும் அதே சட்டம்தான் இருக்கும். "புண்படுத்துகிறது" என்ற வார்த்தை ரொம்ப சுலபமாகக் கைமாறும்.

இதை வேறு மாதிரி பார்க்கிறவங்க இருப்பீங்க. உங்க வாதம் என்னன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.