தண்ணில நின்ன காரை ஸ்டார்ட் பண்ணாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம், நடுவுல வந்த "அது வந்து"க்களை மட்டும் எடுத்தாச்சு.)

போன எபிசோட்ல பழைய கார் வாங்குறதைப் பத்திப் பேசுனோம். அதுக்கு வந்த மெசேஜ்கள்ல நிறைய பேர் கேட்டது ஒரே விஷயம்தான். "ப்ரோ, மழைக்காலம் வருது, எங்க ஏரியால தண்ணி நிக்கும், காரை என்ன பண்றது?" இதுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கு. அந்தத் தப்பை நானே பண்ணி, பில் கட்டி, ரசீதும் பத்திரமா வச்சிருக்கேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி ராத்திரியும் 4ஆம் தேதியும் சென்னைல விடாம மழை. நான் அப்போ பள்ளிக்கரணை பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்ல இருந்தேன். கீழ்த்தளம் முழுக்க பார்க்கிங். மாடிப்படி திருப்பத்துல நின்னு பார்த்தா காரோட டயர் தெரியல. இன்னும் கொஞ்ச நேரத்துல நம்பர் பிளேட்டும் தெரியல. தண்ணி வடிய ரெண்டு நாள் ஆச்சு. வடிஞ்சதும் போய்ப் பார்த்தா, ஹெட்லைட் பாதி உயரத்துக்கு ஒரு சேத்துக் கோடு. மத்தபடி கார் நல்லாத்தான் இருந்துச்சு. வாங்கி 14 மாசம், 46 இ.எம்.ஐ. பாக்கி.

கதவைத் திறந்தேன். கால்ல மிதிக்கிற கார்பெட் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குச்சு. டேஷ்போர்ட்ல லைட் எரிஞ்சுது. அதுதான் வினை. எரியாம இருந்திருந்தா நான் சும்மா இருந்திருப்பேன். நம்ம தொழில்ல எந்தப் பிரச்சனைக்கும் முதல் வைத்தியம் ரீஸ்டார்ட் தானே? பட்டனை அழுத்துனேன். இன்ஜின் பிடிச்சுது. நாலஞ்சு செகண்ட் இருமிக்கிட்டே ஓடுச்சு. அப்புறம் "டொக்"னு ஒரு சத்தம், நின்னுருச்சு. மறுபடி அழுத்துனேன். வெறும் "டக்". அந்த ரெண்டாவது தடவை ஏன் அழுத்துனேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

பக்கத்து ஸ்லாட்ல ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருத்தரோட கார். என் காரை விடப் பழசு. அதே தண்ணி, அதே உயரத்துல சேத்துக் கோடு. அவர் காரை மூணு நாள் கழிச்சு ரெக்கவரி லாரி வந்து தூக்கிட்டுப் போச்சு. மொத்தச் செலவு 17,000 சொச்சம். எனக்கு ஆனது 1,38,000. "சார், நீங்க எப்படி சார் ஸ்டார்ட் பண்ணாம இருந்தீங்க?"னு கேட்டேன். "எங்க தம்பி, சாவி தாம்பரத்துல என் பொண்ணு வீட்ல மாட்டிக்கிச்சு, ரோடு வேற அடைச்சிருந்துச்சு"ன்னார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அந்த "டொக்" என்னன்னு பார்க்கலாம். இன்ஜின் வேலை செய்யுறது காத்தை அமுக்கித்தான். சிலிண்டருக்குள்ள காத்தும் பெட்ரோலும் வரும், பிஸ்டன் மேல வந்து அதை அமுக்கும், அப்புறம்தான் தீப்பொறி. காத்தை அமுக்கலாம். தண்ணியை அமுக்க முடியாது. ஸ்கூல்ல படிச்சதுதான். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கோங்க. ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி. கம்ப்ரெஷன் ரேஷியோ 10:1னு வச்சா, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேல மிச்சம் இருக்குற இடம் 33 மில்லிதான். டீசலா இருந்தா ரேஷியோ இன்னும் அதிகம், 16 பக்கம், அதனால அந்த இடம் 20 மில்லிக்கு வந்துரும். இருமல் மருந்து பாட்டில் மேல இருக்குற 10 மில்லி மூடியை நினைச்சுக்கோங்க. ரெண்டு மூணு மூடித் தண்ணி ஒரு சிலிண்டருக்குள்ள போனா போதும், பிஸ்டனுக்கு மேல வர இடம் இல்லை. ஆனா கிராங்க் சுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டுறது கனெக்டிங் ராடு. அது வளையும். ரொம்ப வேகத்துல ஓடிட்டு இருந்தா உடைஞ்சு இன்ஜின் பிளாக்கையே குத்தி ஓட்டை போடும். மெக்கானிக்குங்க இதை "ஹைட்ரோலாக்"னு சொல்வாங்க.

இன்ஜின் ஓடாம நின்ன கார்ல தண்ணி ஏறி இறங்குனா, பெரும்பாலும் இந்தச் சேதம் இன்னும் நடந்திருக்காது. ஏர் ஃபில்டர் பெட்டிலயும் அந்தக் குழாய்லயும் தண்ணி தேங்கி நிக்கும். பட்டனை அழுத்துறவன்தான் அதை உள்ள இழுத்து விடுறான். அதாவது என் காரைக் கெடுத்தது புயல் இல்லை, நான்.

இன்னொண்ணு, நிறைய பேர் சைலன்ஸர் வழியா தண்ணி போயிரும்னுதான் பயப்படுறாங்க. இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போது புகை வெளிய தள்ளிக்கிட்டு இருக்கும், அதனால அங்க ஆபத்து கம்மி. உண்மையான வாசல் முன்னாடி இருக்கு. காத்து இழுக்குற வாய் நிறைய கார்ல கிரில்லுக்குப் பின்னாடி, ஹெட்லைட் பக்கத்துல இருக்கும். உங்க கார்ல எந்த உயரத்துல இருக்குன்னு பானெட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்து வச்சுக்கோங்க. தேங்குன தண்ணி அதுக்குக் கீழ இருந்தாலும், எதிர்ல ஒரு பஸ் வந்தா அலை எழும்பும், அந்த அலை வாய்க்குள்ள போகும். வேளச்சேரி சப்வே பக்கம் நின்னு போன கார்கள்ல பாதி அந்த மாதிரி அலைல நின்னதாத்தான் இருக்கும்னு என் கணிப்பு.

அப்போ தண்ணில கார் நின்னுட்டா என்ன பண்ணணும்? சாவியைத் திருப்பவோ பட்டனை அழுத்தவோ கூடாது. தள்ளி ஸ்டார்ட் பண்றதும் கூடாது, கியர்ல போட்டுத் தள்ளுனாலும் கிராங்க் சுத்தத்தான் செய்யும். நியூட்ரல்ல போட்டு, நாலு பேரைக் கூப்பிட்டு மேட்டுக்குத் தள்ளுங்க. பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி விடுங்க. நிறைய கார்ல 10 எம்.எம். ஸ்பேனர் போதும். ஈ.வி.யா இருந்தா பானெட்டுக்கு அடியில கையே வைக்காதீங்க, ஆரஞ்சு கலர் கேபிள் எதையும் தொடாதீங்க, கம்பெனிக்கு போன் பண்ணிட்டுத் தள்ளி நில்லுங்க. அப்புறம் போட்டோ எடுங்க. தண்ணி கோடு, நம்பர் பிளேட், தெரு ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல வர்ற மாதிரி. ஏன்னு இன்சூரன்ஸ் பத்தி வரும்போது சொல்றேன்.

அடுத்தது காரைத் தூக்கிட்டுப் போறது. இதுல நம்ம ஊர்ல நடக்குற கூத்து தனி. புயல் வந்த வாரத்துல ரெக்கவரி வண்டி கிடைக்காது, அதனால நண்பன் ஜீப்ல கயிறு கட்டி இழுத்துரலாம்னு தோணும். உங்க கார் ஆட்டோமேட்டிக்கா? அப்போ வேண்டாம். டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. மாதிரி கியர்பாக்ஸ்கள்ல உள்ள ஆயிலைச் சுத்த விடுற பம்ப், பெரும்பாலும் இன்ஜின் ஓடுனாத்தான் ஓடும். இன்ஜின் நின்ன நிலைல சக்கரத்தை மட்டும் உருட்டிக்கிட்டே போனா ஆயில் இல்லாம கியர்பாக்ஸ் காயும். நல்லா இருந்த ஒண்ணையும் கெடுத்த மாதிரி ஆயிரும். நாலு சக்கரத்துக்கும் பவர் போற கார்னாலும் இதே கதைதான். காரை முழுசா மேல ஏத்திக்கிற ஃப்ளாட்பெட் லாரி வர்ற வரைக்கும் காத்திருங்க. ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

மேனுவல் கியர், முன்சக்கரத்துக்கு பவர் போற கார்னா முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துட்டுப் போகலாம். கொஞ்ச தூரம் கயிறு கட்டியும் இழுக்கலாம், ஆனா எங்க கட்டுறோம்ங்கிறது முக்கியம். டிக்கில ஸ்டெப்னி, ஜாக்கி பக்கத்துல ஒரு கனமான இரும்பு வளையம் இருக்கும். அதுதான் டோ ஹூக். பம்பர்ல சின்னதா ஒரு சதுர மூடி இருக்கும், அதைக் கழட்டிட்டு இந்த வளையத்தை மரையில திருகணும். சில கார்ல மரை எதிர்ப்பக்கம் சுத்தும், "ஏறலையே"ன்னு மல்லுக்கட்டாதீங்க. பம்பர்லயோ சஸ்பென்ஷன்லயோ கயிறு கட்டுனா, வளைஞ்சோ பிடுங்கிக்கிட்டோ வரும். இன்ஜின் ஓடாததால பிரேக் கல்லு மாதிரி இருக்கும், ஸ்டியரிங் கனமா இருக்கும். பின்னாடி கார்ல உக்காந்திருக்குறவருக்கு இதை முன்னாடியே சொல்லிருங்க.

எங்க தெருவுல ஒரு தம்பி இழுக்க வந்த எஸ்.யூ.வி.ல பின்னாடி பளபளன்னு ஒரு டோ பார். கயிறை அதுலதான் மாட்டுனாங்க. ரெண்டாவது இழுப்புலயே பார் கையோட வந்துருச்சு. உள்ள பார்த்தா ஷாசில பிடிக்கவே இல்லை, பம்பர் தகட்டுல ரெண்டு போல்ட். ஆக்சஸரி கடைல விக்கிற நிறைய டோ பார் அழகுக்குத்தான். நிஜமான டோ பார்னா ஷாசியோட கெட்டியான இடத்துல போல்ட் பண்ணியிருக்கணும், கார் கம்பெனி அந்த மாடலுக்கு எவ்வளவு எடை இழுக்கலாம்னு மேனுவல்ல போட்டிருக்கணும். ட்ரெய்லர் இழுக்கக் கூடாதுன்னே எழுதியிருக்குற கார்களும் இருக்கு. முன்னாடி மாட்டுற புல் பாருக்கு எதிரா 2017 டிசம்பர்லயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிருச்சு. இன்னும் கடைல தொங்குது, அது வேற எபிசோட்.

இப்போ இன்சூரன்ஸ். எனக்கு நிஜமா வலிச்ச இடம் இதுதான். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா உங்க காருக்கு ஒரு ரூபா வராது. காம்ப்ரிஹென்சிவ் இருந்தா வெள்ளச் சேதம் உண்டு. சீட், வயரிங், கிளீனிங் எல்லாம் எனக்கும் கிடைச்சுது. ஆனா இன்ஜின்? தண்ணி புகுந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணி வளைஞ்ச ராடு, வெள்ளத்தால நேரா வந்த சேதம் இல்லை, அதைத் தொடர்ந்து வந்த சேதம்னு சர்வேயர் எழுதிட்டார். எனக்குக் கோபம் வந்துச்சு. பாலிசியைப் படிச்சேன். அவர் எழுதுனது சரி. ஜீரோ டெப் இருந்துச்சு, அது இதுக்கு உதவாது. அது தேய்மானக் கழிவுக்கு மட்டும்தான். "இன்ஜின் ப்ரொடெக்ட்"னு தனி ஆட்-ஆன் இருக்கு. ரினியூவல் பண்ணும்போது காசு மிச்சம் பிடிக்கிறேன்னு நான் டிக்கை எடுத்துவிட்ட அதே ஆட்-ஆன். அதை பாலிசி வாங்கும்போதோ ரினியூ பண்ணும்போதோதான் சேர்க்க முடியும், புயல் எச்சரிக்கை வந்தப்புறம் முடியாது. காருக்கு வயசு கூடுனா தரவும் மாட்டாங்க, அதனால உங்க பாலிசில இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.ல 75 சதவீதத்தைத் தாண்டுனா டோட்டல் லாஸ்னு கணக்கு பண்ணி ஐ.டி.வி. தொகையைக் கொடுப்பாங்க. அதனால ரினியூவல்ல பிரீமியம் குறையணும்னு ஐ.டி.வி.யைக் குறைச்சுப் போடாதீங்க. க்ளெய்ம் தகவலை உடனே சொல்லுங்க, சர்வேயர் பார்க்குறதுக்கு முன்னாடி மெக்கானிக்கை எதையும் பிரிக்க விடாதீங்க. முன்னாடி சொன்ன போட்டோ இங்கதான் உதவும். கார் நின்ன இடத்துல தண்ணி இருந்துச்சுன்னு காட்ட வேற ஆதாரம் உங்ககிட்ட இருக்காது.

பக்கத்து சார் காருக்கு மெக்கானிக் என்ன பண்ணார்னு கேட்டீங்கன்னா, பெரிய வித்தை இல்லை. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில்ல தண்ணி கலந்திருந்தா பால் காபி கலர்ல இருக்கும். ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டிட்டு இன்ஜினைச் சுத்த விட்டார், உள்ள இருந்த கொஞ்சம் தண்ணி அந்த ஓட்டை வழியா பீச்சி வந்துச்சு. ஆயில், ஃபில்டர் எல்லாம் மாத்துனார். கார்பெட்டை முழுசா உரிச்சு வெயில்ல போட்டார், ஏன்னா அதுக்கடியில பஞ்சு காயாம இருந்தா வயரிங் கனெக்டர் எல்லாம் மாசக் கணக்குல மெதுவாப் பச்சை பிடிக்கும். பழைய கார் வாங்குறவங்க அந்தக் கார்பெட்டைத் தூக்கி மோந்து பார்க்கணும்னு போன எபிசோட்ல சொன்னேன்ல, அது இதுக்குத்தான்.

2024 அக்டோபர்ல ரெட் அலர்ட் வந்தப்போ வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார்களை நிறுத்தியிருந்த போட்டோவை எல்லாரும் ஷேர் பண்ணி சிரிச்சீங்க. அந்த வரிசைல என் காரும் இருந்துச்சு. சாவியை அம்மாகிட்ட கொடுத்து, கேட்டாலும் தராதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

கேள்விகள் இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் டயர் வாங்குறதைப் பத்திப் பேசலாம், பக்கவாட்டுல இருக்குற அந்த நாலு இலக்க நம்பரை எப்படிப் படிக்கிறதுன்னு.