டப்பா நிறைந்தால் போதுமா?

மாதத்தின் முதல் வாரம் மளிகைச் சாமான் வந்து இறங்கி, அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் நிறைந்து நின்றால் இல்லத்தரசியின் மனமும் நிறைந்துவிடுகிறது. "அப்பாடா, இனி ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை!" ஆனால் மாதக் கடைசியில் பார்த்தால் பயற்றில் வண்டு, ரவையில் புழு, வேர்க்கடலையில் சிக்கு வாடை! காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் கொட்டுகிறோமே என்று அங்கலாய்க்கிறோம்.

சாமான்களைக் காப்பாற்றுவதில் நாம் கெட்டிக்காரர்களா, இல்லையா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு வாங்கி வைத்தோம் என்பது அதற்கு அளவுகோல் ஆகாது. வைத்ததில் எவ்வளவு நல்லபடியாக இலைக்கு வந்தது என்பதுதான் அளவுகோல். பள்ளிக்கூடத்துக் குழந்தைக்கு மார்க் போடுவது போல, சாமான் அறைக்கும் மார்க் போடலாம். கொஞ்சம் கணக்குப் பார்க்கும் பொறுமைதான் வேண்டும்.

பாட்டியின் குதிரும் நம் டப்பாவும்

கிராமத்து வீடுகளில் இருந்த நெல் குதிர்களை நினைத்துப் பாருங்கள். மேல் வாயில் நெல்லைக் கொட்டுவார்கள்; அடியில் உள்ள சின்னத் துவாரத்தின் வழியே எடுப்பார்கள். முதலில் போட்டது முதலில் வெளியே வந்துவிடும். நாம் என்ன செய்கிறோம்? பழைய பருப்பின் தலை மேல் புதுப் பருப்பைக் கொட்டுகிறோம். மேலாக இருப்பதையே அள்ளுகிறோம். அடியில் கிடக்கும் பருப்பு பல மாதமாக அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. வண்டு உற்பத்தியாக அதைவிட நல்ல இடம் வேறு வேண்டுமா?

ஆகவே முதல் மார்க் தேதிக்கு. டப்பாவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, வாங்கிய நாளையும் எடையையும் எழுதுங்கள். தீர்ந்த நாளையும் குறித்துக்கொண்டால், உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பது இரண்டே மாதத்தில் விளங்கிவிடும். பிறகு தள்ளுபடி விலை என்று யாராவது ஆசை காட்டினாலும் ஏமாற மாட்டீர்கள்.

கிடங்கில் என்ன செய்கிறார்கள்?

நாட்டுக்கே சாமான் அறையாக இருப்பவை இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகள். 1965 ஜனவரி 14-ஆம் தேதி இந்தக் கழகம் ஆரம்பமானபோது அதன் தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருந்தது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. கிடங்குகளில் மூட்டைகளைத் தரையில் நேராக வைப்பதில்லை. மரச் சட்டங்களின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குகிறார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் அட்டை உண்டு. சரக்கு வந்த நாள், மூட்டைகளின் எண்ணிக்கை, மருந்துப் புகை காட்டிய நாள் எல்லாம் அதில் இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் மாதிரி எடுத்துச் சலித்து, உயிருள்ள பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெயில் காலத்தில் நன்றாக உலர்ந்து உள்ளே போகும் கோதுமை, மழைக் காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடை கூடிவிடும். எடை குறையவில்லையே என்று சந்தோஷப்பட்டால், வண்டு தின்ற பங்கை ஈரம் மறைத்துவிடும். அதனால் எடையோடு ஈரத்தையும் அளக்கிறார்கள். நூறு கிராம் அரிசியில் ஈரம் 14 கிராமுக்கு மேற்படக் கூடாது என்பது பொதுவான கணக்கு.

வீட்டில் ஈரத்தை அளக்க யந்திரம் வேண்டாம். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பாகம் தானியம் போட்டு, சில ஸ்பூன் உலர்ந்த தூள் உப்பைச் சேர்த்து மூடுங்கள். ஒரு நிமிஷம் குலுக்கி, பதினைந்து நிமிஷம் அப்படியே வையுங்கள். உப்பு புட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டால் தானியத்தில் ஈரம் அதிகம். மறுபடி உலர்த்திய பிறகே டப்பாவில் போட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

அரிசி வண்டு இருக்கிறதே, அது மகா தந்திரசாலி. அரிசி மணியில் நுண்ணிய துளை போட்டு, உள்ளே முட்டையிட்டு, துளையை மூடிவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வருகிறது. ஆகவே முதல் வண்டு நம் கண்ணில் படும்போது உள்ளே பல வளர்ந்துகொண்டிருக்கலாம். பச்சைப் பயற்றின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவையும் வண்டின் முட்டைகளாக இருக்கலாம்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் இதற்கு ஒரு பொறி செய்திருக்கிறார்கள். துளைகள் உள்ள ஒரு குழாய், அதன் அடியில் ஒரு சிறு குப்பி, அவ்வளவுதான். தானியத்தில் செருகி வைத்தால், நடமாடும் வண்டுகள் துளை வழியே புகுந்து குப்பியில் விழுந்துவிடும். எண்ணிப் பார்த்தால் நிலவரம் தெரியும். பொறி இல்லாத வீட்டில் சல்லடை இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு தரம் சலித்துப் பாருங்கள். ஆனால் ஒன்று: கிடங்குகளில் புகை காட்டும் மாத்திரையை வீட்டு அரிசியில் போடவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் வாயு மனிதர் உயிரையும் குடிக்கும்.

ஃபிரிஜ்ஜுக்கும் பரீட்சை உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் அதற்கென்று விற்கும் தெர்மாமீட்டரைப் போட்டு, இரவு முழுவதும் நடுத் தட்டில் வைத்துக் காலையில் பாருங்கள். 4 டிகிரி சென்டிகிரேடு அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் பாஸ்.

காப்பி அடித்துப் பாஸ் செய்யலாமா?

எறிவதைக் குறைக்க வேண்டும் என்று சொன்னதும், கெட்டதையும் சமைத்துத் தீர்த்துவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. 1974-இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் அறுவடை நேரத்தில் பருவம் தப்பி மழை பெய்தது. நனைந்த மக்காச்சோளத்தைச் சரியாக உலர்த்த முடியாமல் வைத்திருந்து உண்ட ஏழைப் பழங்குடிக் குடும்பங்களில் காமாலை கண்டது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதே உணவைத் தின்ற நாய்களும் தப்பவில்லை. சோளத்தில் பிடித்த பூஞ்சணம் உண்டாக்கிய அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சே காரணம் என்று ஆராய்ச்சியில் தெரிந்தது.

வேர்க்கடலையிலும் இந்த நஞ்சு உண்டாகும். சாதாரணச் சமையல் சூட்டில் அது அழிவதில்லை. ஆகவே பூசணம் பிடித்த கடலையை வெயிலில் காட்டி, வறுத்து, சட்னி அரைப்பது சிக்கனமே அல்ல. அது காப்பி அடித்துப் பாஸ் செய்வது போலத்தான், பின்னால் மாட்டிக்கொள்வோம். பத்திரம் என்ற பாடத்தில் தவறினால், மற்ற மார்க்குகள் எல்லாம் பூஜ்யம்.

மாதக் கணக்கு

இனி மொத்த மார்க்கைப் போடுவோம். ஒரு மாதத்தில் அரிசி, பருப்பு, மாவு எல்லாம் சேர்த்து 20 கிலோ வாங்கினீர்கள். கெட்டு எறிந்தது ஒரு கிலோ. நூற்றுக்கு ஐந்து வீண். உங்கள் மார்க் 95. அடுத்த மாதம் எறிந்தது அரைக் கிலோ என்றால் மார்க் 97½. எதை எறிந்தோம், ஏன் எறிந்தோம் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். அதிகம் வாங்கியதாலா, ஈரக் கரண்டியாலா, மூடி சரியில்லாததாலா என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இது ஏதோ சின்ன விஷயம் என்று தோன்றலாம். 2022-ஆம் வருஷம் உலகத்தில் வீணான உணவு சுமார் 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு கடைகளிலோ ஹோட்டல்களிலோ வீணானது அல்ல. நம்முடையதைப் போன்ற வீடுகளில் வீணானது. அடுத்த முறை சாமான் வரும்போது, டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு பென்சிலையும் துண்டுக் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.