கடல் கடந்து வரும் கையேடு

தஞ்சைத் தரணியிலிருந்து ஜப்பானில் குடியேறிய ஓர் இளந்தம்பதிக்குக் குழந்தை பிறக்கவிருந்தால், அங்குள்ள உள்ளாட்சி அலுவலகம் அவர்கள் கையில் எதைக் கொடுக்கும் தெரியுமா, நேயர்களே?

கருவுற்ற செய்தியைப் பதிவு செய்ததும், எந்நாட்டுக் குடியுரிமை உடையவராயினும், அத்தாய்க்குப் 'போஷி தெச்சோ' எனப்படும் தாய்சேய் நலக் கையேடு வழங்கப்படுகிறது. கர்ப்பகாலப் பரிசோதனை, மகப்பேறு, குழந்தையின் எடை, உயரம், தடுப்பூசி ஆகிய அனைத்தும் மருத்துவராலும் பெற்றோராலும் இந்த ஒரே ஏட்டில் பதியப்படுவதால், இந்தியர் பலர் வாழும் டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் வளரும் குழந்தை, விடுமுறையில் கும்பகோணத்துத் தாத்தா வீட்டுக்கு வரும்போதும் அதன் நலக்குறிப்பு உடன் வருகிறது.

தாய்க்கும் சேய்க்கும் பொதுவான ஏடாக 1948இல் உருப்பெற்ற இம்முறையைத் தழுவி, இந்தோனேசியா போன்ற நாடுகளும் தத்தம் மொழியில் இத்தகைய கையேடுகளை உருவாக்கியுள்ளன.