லேப்டாப்புக்கு ஜி.பி.எஸ். வாங்கப் போகிறீர்களா?



"லேப்டாப் இருக்கு, ஒரு ஜி.பி.எஸ். வாங்கி மாட்டினா போதும், ப்ராஜெக்ட் ரெடி!" என்று இரண்டாம் ஆண்டுத் தம்பிகள் சிலர் சொல்கிறார்கள். மாட்டலாம், தப்பில்லை. ஆனால் எதை மாட்டுவது, எந்த மென்பொருளைப் போடுவது, அது காட்டுவதை எவ்வளவு நம்புவது என்ற மூன்றும் தெரிந்த பிறகு பர்ஸைத் திறங்கள். எங்கள் குழுவில் நாலு பேர் சேர்ந்து ஓர் ஏரிக்கரையையும் அதன் மதகுகளையும் வரைபடத்தில் குறித்தோம். அப்போது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வேலை செய்யும் விதம்

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு ரிசீவர் தூரத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும்! ரிசீவரில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். அதன் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் மூன்று கோள்கள் போதாமல் நான்கு தேவைப்படுகின்றன.

ரிசீவர் எதையும் அனுப்புவதில்லை, கேட்பதோடு சரி. ஆகவே சந்தாவும் கிடையாது, இன்டர்நெட்டும் வேண்டாம்.

ரிசீவரைப் பார்த்து வாங்குங்கள்

முதலில் உருவம். பென் டிரைவ் மாதிரி நேராகச் செருகுவது ஒரு வகை. நீள வயரும் அடியில் காந்தமும் உள்ளது இன்னொரு வகை. ஜீப்பிலோ வேனிலோ போகிறவர்கள் இரண்டாவதை வாங்குங்கள். தகரக் கூரைக்குக் கீழே கோள்களின் குரல் சரியாகக் கேட்காது. கூரைமேல் ஒட்டிவிட்டால் வானம் முழுக்கத் தெரியும்.

அடுத்து, எத்தனை நாட்டுக் கோள்களைக் கேட்கும்? அமெரிக்க ஜி.பி.எஸ்.ஸோடு ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் கேட்டால், தோப்புக்குள்ளும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் கைகொடுக்கும். நம் நாட்டு நாவிக் வேண்டும் என்றால் எந்த அலைவரிசை என்று கேளுங்கள். அதன் முதல் தலைமுறைக் கோள்கள் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டுமே பேசும். 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்-01 முதல்தான் எல்1 சேர்ந்தது. எல்1 மட்டும் கேட்கும் ரிசீவருக்குப் பழைய நாவிக் கோள்கள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பழைய ரிசீவர் மலிவாகக் கிடைக்கிறதா? அது காட்டும் தேதியைப் பாருங்கள். ஜி.பி.எஸ். தன் வாரங்களை 1024 வரை எண்ணி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி நடந்தது. அதற்குத் தயாராக இல்லாத ரிசீவர்கள் சுமார் இருபது வருஷம் முந்தைய தேதியைக் காட்டும். இடம் சரியாக இருந்தாலும் உங்கள் ரிக்கார்டு எல்லாம் குழம்பிவிடும்.

மென்பொருள்

புள்ளியைக் கொடுப்பது ரிசீவர், ஊரைக் கொடுப்பது வரைபடம். வெளிநாட்டுச் சாலை வரைபடத்தோடு வந்த பழைய பாக்கெட் மென்பொருளை இங்கே ஓட்டினால், வெள்ளைத் திரையில் ஒரு புள்ளிதான் நகரும்! கடலுக்குப் போகிறவர்களுக்கு ஓப்பன் சிபிஎன் இருக்கிறது. நம்மைப் போல் சர்வே, ப்ராஜெக்ட் என்று அலைகிறவர்களுக்குக் கியூஜிஐஎஸ். இரண்டும் இலவசம். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தகவல்களை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத ஊரிலும் வேலை ஓடும்.

ரிசீவர் என்.எம்.இ.ஏ. 0183 முறையில் தகவல் தருமா என்று கேட்டு வாங்குங்கள். எந்த மென்பொருளோடும் ஒத்துப்போக அது வேண்டும். வேகம் பெரும்பாலும் 4800 அல்லது 9600 பாட். விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு சமயத்தில் ஒரே புரோகிராம்தான் திறக்க முடியும். "ரிசீவர் செத்துப்போச்சு" என்று பதறுவதற்கு முன் மற்ற புரோகிராமை மூடிப் பாருங்கள்.

சொந்தமாகப் புரோகிராம் எழுதும் கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த முறையில் 1304.5000 என்று வந்தால் 13 டிகிரி, 4.5 நிமிடம் என்று பொருள். அதாவது 13.075 டிகிரி. அதை 13.045 என்று படித்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நிற்பீர்கள்!

எவ்வளவு நம்பலாம்?

2000 மே மாதம் வரை அமெரிக்கா வேண்டுமென்றே பொதுமக்களுக்கான சிக்னலில் பிழை சேர்த்து வைத்திருந்தது. அதனால் நூறு மீட்டர் வரை தவறும். அதை நிறுத்திய பிறகு, திறந்த வெளியில் சாதாரண ரிசீவர் மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் காட்டும். திரையில் ஆறு தசம இலக்கம் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். ஆறாவது இலக்கம் வெறும் 11 சென்டிமீட்டர். மீட்டர் கணக்கில் தவறுகிற கருவி அதை எப்படிச் சொல்லும்?

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ப்ராஜெக்ட் முடிந்து ஊருக்குப் போனபோது என் அப்பா, "பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டித் தள்ளிட்டான். உன் மெஷினை வச்சு அளந்து சொல்லுடா" என்றார். "முடியாதுப்பா, இது பத்தடி தவறும். தகராறே ரெண்டடிக்குத்தானே?" என்றேன். அவருக்குக் கோபம்தான். ஆனால் மதகு எங்கே என்று காட்டப் போதுமான கருவி, வரப்பு எங்கே என்று சொல்லப் போதாது. தவறான எண்ணைச் சொல்லியிருந்தால் இரண்டு குடும்பங்கள் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கும். அதற்கு எஃப்.எம்.பி. வரைபடமும் சர்வேயரும் வேண்டும். ஜி.பி.எஸ்.தான் வேண்டுமென்றால், தெரிந்த இடத்தில் நிறுத்திய இன்னொரு நிலையத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் ஆர்.டி.கே. வகை வேண்டும். அதில்தான் சென்டிமீட்டர் பேசலாம்.

ஆக, என்ன வேலை, எத்தனை மீட்டர் பிழை தாங்கும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து மீட்டர் பரவாயில்லை என்றால், உங்கள் செல்போனின் ஜி.பி.எஸ்.ஸையே லேப்டாப்புக்கு அனுப்பும் செயலிகள் உண்டு. ஒரு வாரம் அதை வைத்து ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் கடைக்குப் போங்கள். மெஸ் பில் கட்டுகிற காசு, நண்பர்களே... யோசித்துச் செலவு செய்யுங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு