கையறியும் செல்கள்

வலக்கால் செருப்பை இடக்காலில் மாட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். நான்கு அடிக்குள் வேறுபாடு விளங்கிவிடும். இரண்டும் ஒரே தோல், ஒரே அளவு. ஒன்று மற்றொன்றின் ஆடி வடிவம். ஆயினும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. இப்பண்பையே வேதியியலார் கைரல் தன்மை என்பர்.

1848இல் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை இடுக்கியால் இடம், வலம் எனப் பிரித்தார். ஒன்றின் கரைசல் தளமுனைவுற்ற ஒளியை வலப்புறமும், மற்றது இடப்புறமும் திருப்பின. (போலாரிமீட்டரில் சர்க்கரைக் கரைசலை வைத்துக் கண் வலிக்கப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.)

உயிரோ பக்கச்சார்பு உடையது. நம் புரதங்கள் பெரும்பாலும் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை. எனவே செல்லின் மேலுள்ள ஏற்பிகளும் கை பார்த்தே பொருளைப் பற்றுகின்றன. கார்வோனின் ஒரு வடிவம் புதினாவாகவும், அதன் ஆடி வடிவம் சீமைச்சோம்பாகவும் மணப்பது இதனாலேயே.

மூலக்கூறுக்கு மட்டுந்தானா கை? நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவில் அளக்கப்படும் பொன் துகளுக்கும் கை உண்டு. 2018இல் தென்கொரிய ஆய்வாளர்கள் பொன் துகள் வளரும் கரைசலில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தைச் சேர்த்தனர். துகளின் முகங்கள் காற்றாடி இறக்கைபோல் முறுக்கிக்கொண்டு வளர்ந்தன. சிஸ்டீனின் ஆடி வடிவத்தைச் சேர்த்தபோதோ மறுபக்கம் முறுக்கின!

சீனாவின் ஜியாங்னான், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. வட்டமுனைவுற்ற ஒளியைப் பாய்ச்சி முறுக்கிய பொன் துகள்களை எலிகளின் நோயெதிர்ப்புச் செல்களோடு சேர்த்தனர். செல்லின் மேலுள்ள ஏற்பிகள் துகளைப் பற்றின. பொட்டாசியம் அயனிகள் வெளியேறின. அதையே அபாய அறிகுறியாகக் கொண்டு செல் விழித்தெழுந்தது. எச்9என்2 காய்ச்சல் தடுப்பூசிக்குத் துணைப்பொருளாகச் சேர்த்தபோது, இடக்கைத் துகள் வலக்கைத் துகளைவிட 1,258 மடங்கு திறன் காட்டிற்று. இரண்டும் ஒரே பொன்தான்.

ஆயினும் அவசரப்படலாகாது. மேற்கு ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்து, ஊனமுற்ற குழந்தைகள் பிறக்கக் காரணமாகி, 1961இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடை நினைவுகூர்வோம். தீய கையை நீக்கி நல்ல கையை மட்டும் கொடுத்திருந்தால் போதுமே என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. உடலுக்குள் ஒரு கை மற்றொன்றாக மாறிவிடும்.

பொன் துகள் அவ்வளவு எளிதில் கை மாறாது. ஆனால் இரத்தத்தில் புகுந்ததும் புரதங்கள் அதைப் போர்த்திக்கொள்ளும். போர்வைக்குள் மறைந்த முறுக்கைச் செல் எந்த அளவுக்கு உணரும்? மேலும் பொன் எளிதில் கரைவதில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்கிவிடுகிறது.