ஒலிப்பதிவும் கணினியின் உறக்கமும்

பழைய கேசட்டு ஒன்றிலிருந்த தம் தாயாரின் குரலைக் கணினியில் ஏற்ற முயன்ற நண்பர் ஒருவருக்கு நேர்ந்த இடரை முதற்கண் கூறிவிடுகிறேன். அது தொண்ணூறு நிமிட நாடா. பக்கத்துக்கு 45 நிமிடம். தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலத்தில், 1980களில், யாரோ உறவினர் விளையாட்டாகப் பதிவு செய்து வைத்தது. அம்மையார் முதலில் ஊர்க்கதை பேசுகிறார்; பிறகு பேரப்பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுகிறார்; பக்கத்தின் கடைசியில், எல்லாரும் வற்புறுத்தவே, தம் தாய்க்குத் தாம் பாடிய ஒப்பாரியைப் பாடுகிறார். அம்மையார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் குரல் உலகில் அந்த நாடாவில் மட்டுமே இருந்தது.

நண்பர் கேசட்டுப் பெட்டியைக் கம்பியால் கணினியோடு இணைத்தார். ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் ஆகியே தீரும். இதில் குறுக்குவழி கிடையாது. ஆகவே இரவு உணவுக்கு எழுந்து சென்றார். திரும்பி வந்தபோது திரை இருண்டிருந்தது. விசையொன்றைத் தொட்டதும் ஒளி வந்தது. மென்பொருள் இன்னும் பதிவு செய்துகொண்டே இருந்தது. அவரும் மகிழ்ந்து நிறுத்திச் சேமித்துக்கொண்டார். மறுநாள் கேட்டுப் பார்த்தால், 31ஆம் நிமிடத்தில் ஒரு சொல்லின் பாதியில் குரல் அறுந்து, அடுத்த நொடியே நாடா ஓடி முடிந்த பிறகு எழும் வெறும் இரைச்சல் கேட்கிறது. தாலாட்டின் பிற்பகுதியும் ஒப்பாரியும் இல்லை.

நாடாதான் இருக்கிறதே, மீண்டும் ஓடவிட்டால் போயிற்று என்று வாசகர் எண்ணலாம். நண்பரும் அப்படித்தான் எண்ணினார். நாற்பது ஆண்டு பழைய நாடாவுக்கு ஒவ்வோர் ஓட்டமும் ஒரு கண்டம். இரண்டாம் முறை ஓடும்போது பெட்டியின் உருளை நாடாவை இழுத்துச் சுருட்டிக்கொண்டது. கசங்கிய இடத்தை வெட்டி ஒட்டியதில் ஒப்பாரியின் சில அடிகள் மறைந்தன.

இப்பழி யாரைச் சாரும்? அந்த மென்பொருளின் பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை. அது இலவசமாகக் கிடைக்கும் நல்ல கருவியே. கணினியின் உறக்கம் எவ்வாறு நிகழ்கிறது, அதைத் தடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை அறிந்தால் விடை தானே விளங்கும்.

உறங்குவது ஏன்?

வேலையற்றிருக்கும் கணினி மின்சாரத்தை வீணே உண்கிறது. இதைக் குறைக்கவே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1992இல் எனர்ஜி ஸ்டார் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் கூடி, கணினியின் மின் நிலைகளுக்கு ஒரு பொது விதியை வகுத்தன. அதன்படி உறக்கத்தில் படிகள் உண்டு. ஒன்றில், நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் ஓட, மற்றவை ஏறத்தாழ அணைந்துவிடும். விசையைத் தொட்டால் சில நொடிகளில் விழித்துக்கொள்ளும். ஆழ்ந்த மற்றொன்றில், நினைவகத்தில் உள்ளதையெல்லாம் வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணைந்துவிடும். எந்த வகையானாலும் செயலி நிற்கிறது, ஒலிச்சாதனமும் நிற்கிறது. அந்நேரம் கம்பி வழியே வந்த ஒலி, காலியான வீட்டில் ஒலித்த தொலைபேசி மணிக்கு ஒப்பாகும்.

அது போகட்டும்; பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே கணினி தான் சும்மா இருப்பதாக எண்ணியது எப்படி?

குறுந்தட்டின் தரத்தில் பதிவு செய்யும் கணினி, விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக்குகிறது. அவ்வெண்களை 512 வீதம் கட்டுக்கட்டாக மென்பொருளிடம் ஒப்படைப்பதாக வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஏறத்தாழ 86 முறை ஒப்படைக்க வேண்டும். ஒரு மணி நேர இரட்டைத்தடப் பதிவு சுமார் 635 மெகாபைட்டு. இவ்வளவு பாடுபடும் பொறியைச் சோம்பேறி என்று யார் சொல்வார்? ஆனால் உறக்கத்துக்கான கடிகாரம் பெரும்பாலும் பார்ப்பது இந்த உழைப்பையன்று. விசைப்பலகையும் சுட்டியும் கடைசியாக எப்போது அசைந்தன என்பதையே அது பார்க்கிறது. மனிதன் தொடவில்லையானால் மனிதன் இல்லை; மனிதன் இல்லையானால் வேலை இல்லை. கடிதம் தட்டச்சு செய்பவருக்கு இக்கணக்குச் சரி. கேட்பவருக்கும் பதிவு செய்பவருக்கும் சரிப்படாது, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே அவர்கள் தொழிலாகையால்.

விழிப்புக்கு விண்ணப்பம்

ஆகவே இயக்குதளங்கள் ஓர் ஏற்பாடு செய்துள்ளன. "நான் முக்கியமான வேலையில் இருக்கிறேன், தானாக உறங்கிவிடாதே" என்று மென்பொருள் இயக்குதளத்திடம் விண்ணப்பித்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இவ்வசதி உண்டு.

விண்டோஸில் இரண்டு கோரிக்கைகள் தனித்தனியே உள்ளன: திரையை அணைக்காதே என்பது ஒன்று, கணினியை உறங்கவிடாதே என்பது மற்றொன்று. படம் காட்டும் மென்பொருளுக்கு இரண்டும் வேண்டும். ஒலிக்குத் திரை எதற்கு? இரண்டாவதை மட்டும் கேட்பதே முறை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. தொடர்ந்து நிலைக்கவேண்டும் என்னும் குறியைச் சேர்க்காமல் கேட்டால், உறக்கக் கடிகாரம் அந்த ஒரு முறை மட்டும் சுழிக்குத் திரும்பி, மறுபடி ஓடத் தொடங்கும். இதை அறியாமல் தொடக்கத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கும் மென்பொருளில் குறும்பதிவுகள் பிழைக்கும், நெடும்பதிவுகள் மடியும். அரை மணி நேரத்துக்குமேல் யாரும் சோதித்துப் பாராததால் அக்குறை வெளியில் தெரியாமலே கிடக்கும்.

விண்டோஸிலும் மேக்கிலும் ஒலிச்சாதனத்தை இயக்கும் அடித்தளப் பகுதியே, ஒலி ஓடும் வரை இத்தகைய விண்ணப்பத்தைத் தானாகச் செய்துவிடுவது வழக்கம். அதனால்தான் பலருக்கு இத்துன்பம் நேர்வதே இல்லை. ஆயினும் இசைத்தொழிலர் பயன்படுத்தும் சில தனிவழி இயக்கிகள் வழக்கமான பாதையை விட்டு விலகிச் செல்வன. அங்கே இந்தப் பாதுகாப்பை நம்பிவிடக் கூடாது. லினக்ஸில் ஒலி ஓடுகிறது என்பதற்காக மட்டும் உறக்கம் நிற்பதில்லை; மென்பொருள் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். நண்பருடைய கணினி லினக்ஸ். மின்கட்டணம் மிச்சமாகட்டும் என்று அவர் மகன் அரை மணி நேரத்தில் உறங்கும்படி அமைத்திருந்தான். மென்பொருள் விண்ணப்பம் செய்யவில்லை. அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. வீடுகளில் அதுவே மிகுதி. சில மென்பொருள்கள் திறந்தவுடனே விழிப்பு கேட்டு, மூடும்வரை விடுவதில்லை. பாட்டை இடைநிறுத்திவிட்டு உறங்கப் போனால், வீட்டார் உறங்குவர், கணினி உறங்காது. விடியற்காலையில் விசிறிச் சத்தம் கேட்டு எழுந்து, கணினியைப் பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை நான் அறிவேன். ஒலி ஓடத் தொடங்கும்போது கேட்டு, நின்றவுடன் திருப்பித் தரவேண்டும் என்பதே விதி, இடைநிறுத்தமும் நிற்றலே. மென்பொருள் இடையில் செத்து விழுந்தால் அதன் விண்ணப்பத்தை இயக்குதளமே கழித்துவிடும். உயிரோடிருந்து பிடிவாதம் பிடிப்பதைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

யார் பிடித்து வைத்திருக்கிறார் என்று கண்டறிய வழி உண்டு. விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்னும் கட்டளையை, ஒரு சாய்கோடும் ரிக்வெஸ்ட்ஸ் என்னும் சொல்லும் சேர்த்துக் கொடுத்தால், விழிப்பு கேட்டு நிற்போரின் பட்டியல் வரும். ஒலியோட்டம் பயன்பாட்டில் உள்ளது என்று ஒலிச்சாதனத்தின் பெயரோடு காணப்படுமானால், எங்கோ ஒரு மென்பொருள் ஒலிவாசலைத் திறந்தே வைத்திருக்கிறது என்பது பொருள். உலாவியில் மறந்துபோன ஒரு பக்கமாகக்கூட அது இருக்கலாம். மேக்கில் பிஎம்செட் என்னும் கட்டளை இதே பட்டியலைத் தரும்.

விண்ணப்பம் செல்லாத இடங்கள்

இந்த விண்ணப்பம் தானாக வரும் உறக்கத்தையே தடுக்கும். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினாலும், உறங்கு என்று நாமே கட்டளையிட்டாலும், மென்பொருளின் சொல் பொதுவாக எடுபடாது. விண்டோஸில் முன்பு மென்பொருள்கள் உறக்கத்தை மறுக்க முடிந்தது. 2007இல் வெளிவந்த விஸ்டாவிலிருந்து அவ்வுரிமை பறிக்கப்பட்டது. பைக்குள் வைத்த மடிக்கணினி உறங்க மறுத்து வெந்து கிடப்பதைவிட அதுவே மேல் என்பேன். மேலும், புதிய வகைத் துயில்முறை கொண்ட விண்டோஸ் மடிக்கணினிகள் மின்கலத்தில் ஓடும்போது, உறங்கவேண்டிய நேரம் கடந்து ஐந்து நிமிடத்தில் இவ்விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். நெடும்பதிவு செய்வோர் மின்கம்பியைச் செருகிவிட்டே தொடங்கவேண்டும் என்பதற்கு மின்கலம் தீர்ந்துபோகும் என்பதோடு இதுவும் ஒரு காரணம்.

மறுக்க முடியாவிட்டாலும் சற்று அவகாசம் கிடைக்கும். விண்டோஸில் சுமார் 2 விநாடி. மேக்கில் 30 விநாடி வரை. லினக்ஸில் வழக்கமான அமைப்பில் 5 விநாடி. அந்த நேரத்துக்குள் நல்ல மென்பொருள் கையிலுள்ள ஒலியை வட்டில் எழுதிக் கோப்பை முறையாக மூடிவிடும். வேவ் என்னும் கோப்பு வகையில் மொத்த அளவு தலைப்பகுதியில் குறிக்கப்படுகிறது. பல மென்பொருள்கள் அதைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். இடையில் நின்றுபோனால் தலைப்பகுதி சுழி என்று சொல்லும், இயக்கிப் பார்த்தால் ஒன்றும் கேட்காது. பதற்றத்தில் அதை அழித்துவிடாதீர்கள். உள்ளே ஒலி அப்படியே இருக்கும். தலைப்பைத் திருத்தும் கருவிகளால், அல்லது தலைப்பற்ற கச்சா ஒலியாக ஏற்றும் வசதியால் மீட்டுக்கொள்ளலாம்.

விழித்தெழுந்த பிறகு நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. யூஎஸ்பி வழியே இணைத்த ஒலிச்சாதனம் ஒரு கணம் மறைந்து மீண்டும் தோன்றலாம். சில மென்பொருள்கள் திணறி நின்றுவிடும். நண்பருடையது போன்றவை, ஒன்றுமே நடவாததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடரும். இவ்விரண்டில் திணறி நிற்பதே நல்லது என்பது என் கருத்து. தையல் தெரியாமல் ஒட்டிய பதிவு, தான் முழுமையென்று சாதிக்கும் பொய்ச்சாட்சி. இடைவெளி நேர்ந்தது என்று ஒரு குறியாவது இடாத மென்பொருளை ஆவணப் பணிக்குத் தகுதியுடையதாக நான் ஒப்பமாட்டேன்.

சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் மையமாக வளர்ந்து, முதியோர் குரல்களைப் பேணி வருகிறது. அங்கே அதற்கென்று பயின்ற ஆட்கள் இருக்கிறார்கள். நம் வீட்டு அலமாரிகளில் கிடக்கும் கேசட்டுகளுக்கு நாமே காவல். எனவே செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

பதிவுக்கு முன் மின்னமைப்புப் பகுதிக்குச் சென்று உறக்கத்தை 'ஒருபோதும் இல்லை' என்று வையுங்கள். பணி முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். மாற்ற மறப்பவர் என்றால் வேறு வழி உண்டு. மேக்கில் 2012 முதல் கேஃபினேட் என்றொரு கட்டளை இருக்கிறது. காப்பியில் உள்ள விழிப்புச் சத்தின் பெயரால் அமைந்தது; அதை ஓடவிட்டிருக்கும் வரை கணினி தானாக உறங்காது, நிறுத்தினால் பழைய வழக்கம் திரும்பும். லினக்ஸில் சிஸ்டம்டி-இன்ஹிபிட் என்பதோடு சேர்த்து மென்பொருளைத் தொடக்கினால், அது மூடப்படும் வரை உறக்கம் தடுக்கப்படும். யூஎஸ்பி சாதனங்களுக்கென்று தனியே ஒரு மின்சேமிப்பு அமைப்பு விண்டோஸில் உண்டு; அதையும் அப்பொழுதைக்கு அணைத்து வைப்பது நலம். திரை அணைவதைப் பற்றிக் கவலை வேண்டா, அது அணையலாம்.

இவற்றையெல்லாம் செய்தாலும், அரிய நாடாவைத் தொடுமுன் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். உறங்கும் நேரத்தை இரண்டு நிமிடம் என்று வைத்து, வேண்டாத பழைய நாடா ஒன்றை ஓடவிட்டு, மேற்சொன்ன கட்டளையோடு பதிவைத் தொடங்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் விசைப்பலகையைத் தொடாமல் இருங்கள். பிறகு கோப்பின் நீளம் பத்து நிமிடம் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் உங்கள் கணினி உங்களிடம் சொல்லாமல் உறங்குகிறது.

நண்பர் நாடாவின் இரண்டாம் பக்கத்தை இவ்வாறு ஒத்திகை பார்த்த பிறகே ஓடவிட்டார். இம்முறை அவர் உணவுக்குப் போகவில்லை. பக்கத்திலேயே நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டார். கோப்பின் நீளம் 46 நிமிடம் சில விநாடி. அந்தப் பக்கத்தில் அம்மையாரின் பாட்டு ஏதும் இல்லை. குழந்தைகளின் கூச்சலும், கோழிகளின் சத்தமும், நடுவே ஒருமுறை நண்பரின் பெயரைச் சொல்லிச் சாப்பிட அழைக்கும் அவர் குரலும் இருந்தன.